நீட்டுக்குப் பிளஸ் ஒன்னிலேயே உட்காருங்கள்

அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் பெற்றோர் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "டீச்சர், பிள்ளைய டாக்டருக்குப் படிக்க வைக்கணும், எந்த கோச்சிங்ல சேர்க்கலாம்?" கோச்சிங்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் பிளஸ் ஒன் புத்தகத்தைப் பிள்ளை படிக்குமா என்று பாருங்கள்.

நீட்டில் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் பிளஸ் ஒன் பாடத்திலிருந்துதான் வருகின்றன. செல், சுவாசம், இரத்த ஓட்டம், நரம்பு, ஹார்மோன், ஒளிச்சேர்க்கை, இயற்பியலில் விசையும் வெப்பமும் எல்லாம் அந்த வருடத்துப் பாடங்கள். 2018-இல் தமிழ்நாட்டில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது, 2025-இல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் கொஞ்சம் மூச்சு விடட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் பொதுத்தேர்வு இல்லை என்றதும் சில பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு நேராகப் பிளஸ் டூவுக்குத் தாவும். முன்பும் அப்படித்தான் நடந்தது. உங்கள் பள்ளியும் அப்படிச் செய்தால், வாரத்துக்கு ஒரு பாடம் என்று வீட்டிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள்.

எந்த குரூப் எடுப்பது? கணக்கு ஓரளவு வரும் என்றால் பயோ மேத்ஸ் எடுங்கள். வெக்டரும் வகையிடலும் தெரியாமல் இயற்பியலில் நிறைய இடத்தில் தடுமாற வேண்டியிருக்கும். கணக்கு என்றாலே காய்ச்சல் வருகிறவர்கள் கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் எடுத்தாலும் மருத்துவச் சேர்க்கைக்குத் தடையில்லை.

தேர்வில் மொத்தம் 180 கேள்விகள், 180 நிமிடம், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. அதாவது உயிரியலுக்கு மட்டும் 360. அதை 50 நிமிடத்துக்குள் முடித்தால்தான் இயற்பியலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சும். 2025-இல் இயற்பியல் கேள்விகள் எவ்வளவு கடுமையாக இருந்தன என்று எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்த வருடம் நாட்டிலேயே முதலிடம் வந்தவருக்கே 686தான்.

உயிரியலை எப்படிப் படிப்பது என்பதற்கு இரத்த ஓட்டப் பாடத்தில் ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு இதயத் துடிப்புக்கு 0.8 விநாடி. நிமிடத்துக்குச் சராசரியாக 72 துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு வெண்ட்ரிக்கிளிலிருந்து (இதயத்தின் கீழறை) சுமார் 70 மில்லி இரத்தம் வெளியேறுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் இதில் அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். நான் புத்தகத்தை மூடச் சொல்லுவேன். 72-ஐ 70-ஆல் பெருக்கு, 5040 மில்லி, அதாவது நிமிடத்துக்கு ஐந்து லிட்டர். 60-ஐ 72-ஆல் வகு, 0.8 எங்கிருந்து வந்தது என்று தெரியும். இப்போது துடிப்பு 120 ஆனால் ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி? அப்புறம் அதே பத்தியிலிருந்து நீயே நான்கு கூற்றுகள் எழுது, அதில் ஒன்று தவறாக இருக்கட்டும், அதைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடு. தவறான கூற்றை நம்பும்படி எழுத வேண்டுமென்றால் பத்தி முழுவதும் புரிந்திருக்க வேண்டும். நீட்டில் இப்போது கூற்று, காரணம், பொருத்துக என்றுதான் நிறையக் கேட்கிறார்கள். அவர்கள் பொறி வைக்கும் இடம் இந்தப் பயிற்சியில் தானாகப் பிடிபடும்.

தமிழ்வழிப் பிள்ளைகள் மாநிலப் புத்தகத்தை முதலில் தமிழில் படியுங்கள். பிறகு மத்திய அரசின் என்சிஇஆர்டி உயிரியல் புத்தகத்தை ஆங்கிலத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். தமிழ் வினாத்தாளில் இரண்டு மொழியும் இருக்கும், மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எனவே கேள்வி இடறினால் உடனே கண்ணை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள்.

வேதியியலில் ஒரு சிக்கல் உண்டு. 2024 முதல் நீட் பாடத்திட்டம் குறைக்கப்பட்டது. உலோகவியல், திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் எல்லாம் போய்விட்டன. நம் பிளஸ் டூ புத்தகத்தில் அவை இருக்கின்றன, பொதுத்தேர்வில் வரும். அவற்றைப் பொதுத்தேர்வு அளவுக்குப் படித்தால் போதும். ஆய்வகத்தில் செய்யும் சோதனைகளை அலட்சியம் செய்யாதீர்கள், செய்முறை வேதியியல் இப்போது நீட் பாடத்திட்டத்தில் தனி அலகு.

இயற்பியலுக்குக் கால்குலேட்டர் கிடையாது. தினமும் கையால் பெருக்கி வகுத்துப் பழகுங்கள். செல்போனில் கணக்குப் போட்ட கை தேர்வு அறையில் நின்றுவிடும்.

தெரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் ஷேட் பண்ணலாமா? சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. நான்கு விடைகளில் எதுவுமே தெரியாமல் குத்தினால் சராசரியாகக் கிடைப்பது கேள்விக்குக் கால் மதிப்பெண், அதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம். இரண்டு விடைகளை உறுதியாகக் கழிக்க முடிந்தால் சராசரி ஒன்றரை, அங்கே துணியலாம். ஆனால் மாதிரித் தேர்வில் குத்தியதற்குத் தனிக் குறியிட்டு, எத்தனை தேறியது என்று பிறகு எண்ணிப் பாருங்கள். தவறியவற்றுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். சரியான விடையோடு நிறுத்தாமல், தெரியவில்லையா, அவசரமா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா என்று ஒரு வார்த்தையில் காரணத்தையும் எழுத வேண்டும். மாதக் கடைசியில் அந்த நோட்டைப் புரட்டினால் அடுத்த மாதம் எதைப் படிப்பது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் படித்ததற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள், ரிசல்ட் வந்தபிறகு அலைய நேரம் இருக்காது.

பொதுத்தேர்வு மார்க்கை விட்டுவிட்டு நீட் மட்டும் படிக்கிறேன் என்று சொல்கிற பிள்ளைகளோடு நான் சண்டை போடுவேன். சித்த மருத்துவத்துக்கு நீட் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் எல்லாவற்றுக்கும் மாநில இடங்கள் பிளஸ் டூ மார்க்கில்தான் கிடைக்கின்றன. நீட் எழுதிவிட்டுக் காத்திருக்கும்போதே இவற்றுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள், கடைசித் தேதி நீட் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காது.