வாட்டிலிருந்து வீடு வரை: முதியவர்களின் கால்வலுவைக் காக்கும் பயிற்சிகள்

நிமோனியாவுக்காக வாட்டில் சேர்க்கப்பட்ட அம்மம்மா, நோய் தணிந்து வீடு திரும்பியபின், முன்பு தனியே போய்வந்த கிணற்றடிக்கே ஆள்துணை தேடும் நிலைக்கு வந்துவிடுவதுண்டு. நோயோடு படுக்கையும் இதற்குக் காரணம். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நோயற்ற முதியவர்களே 10 நாள் படுக்கையில் இருந்ததால் கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசையை இழந்தனர். ஆகவே "அசையாமல் படுங்கோ" என்று அன்போடு சொல்வதை நாம் கைவிட வேண்டும்.

முதலில் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ அனுமதி பெறுங்கள். எலும்பு முறிந்தவர் காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை அவர்களே சொல்ல வேண்டும். அனுமதி கிடைத்ததும், படுத்தபடியே பாதங்களை மேலும் கீழும் அசைக்கவும் முழங்கால்களை மடக்கி நீட்டவும் செய்யுங்கள். எழுப்பும்போது கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் கால் தொங்க இருத்தி, தலைசுற்றுகிறதா என்று கேளுங்கள். சாரத்தின் கரை காலில் தடக்காதபடி உயர்த்திக் கட்டி, சேலைன் குழாயையும் சிறுநீர்ப் பையையும் ஒதுக்கிய பின்பே நிற்க விடுங்கள்.

எல்லாவற்றிலும் முதன்மையானது கதிரையிலிருந்து எழும் பயிற்சி என்பேன், ஏனெனில் மலசலகூடத்துக்குத் தனியே போவதே அதில்தான் தங்கியிருக்கிறது. கைபிடியுள்ள கதிரையைச் சுவரோடு அணைத்து வையுங்கள். பிளாஸ்ரிக் கதிரை டைல்ஸ் தரையில் வழுக்கும். முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைச் சற்றுப் பின்னிழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும்வரை குனிந்து எழ வேண்டும்; தொப்பென்று விழாமல் மெதுவாக அமர வேண்டும். கையைப் பிடித்து இழுக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். காலையும் மாலையும் ஐந்து தடவையில் தொடங்கலாம்.

ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில் 75 வயதைக் கடந்த நோயாளர் 370 பேரிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு இருமுறை 20 நிமிடம் மேற்பார்வையுடன் பயிற்சி செய்தவர்கள், வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அன்றாட வேலைகளைச் செய்யும் கூடுதல் ஆற்றலுடன் வீடு திரும்பினர்.

வீட்டில், திருகோணமலை வெயில் ஏறுமுன் விறாந்தையில் நடக்கப் பழக்குங்கள். கடற்கரை மணலும் கோணேசர் கோயில் ஏற்றமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது சமநிலைக்கு உதவும்; 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் 3 நாளாவது சமநிலை, வலுப் பயிற்சிகள் செய்யவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீனோ முட்டையோ பருப்போ தினமும் சேரட்டும்; சிறுநீரக நோயாளர் அளவை வைத்தியரிடம் கேட்கவும்.

நெஞ்சுவலி, மயக்கம், கடும் மூச்சுத்திணறல், ஒரு கெண்டைக்காலில் மட்டும் புதிதாக வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் பயிற்சியை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்; கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கக் கூடாது.