மரபணுப் பட்டியலிலிருந்து வினைப்பாதைக்கு

எந்த மரபணுக்கள் எவ்வளவு இயங்குகின்றன என்பதை அளவிடும் ஆர்.என்.ஏ. வரிசையாக்க ஆய்வில் கிடைக்கும் சில நூறு மரபணுக்களின் பட்டியல், அவை உயிரணுவின் எந்த வினைப்பாதைகளில் (ஒரு வேலைக்காகத் தொடர்ந்து நிகழும் மூலக்கூறு வினைகளின் வரிசைகளில்) எதிர்பார்ப்பைவிட மிகுதியாகத் திரண்டுள்ளன என்பது தெரியும்வரை அதிகம் பேசுவதில்லை. எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய ஜி:புரொஃபைலர் இதற்கு ஏற்ற இலவசக் கருவியாகும்.

பட்டியலை உள்ளிடுமுன் பெயர்களைச் சரிபாருங்கள். எக்செல் சில மரபணுக் குறியீடுகளைத் தேதிகளாக மாற்றிவிடுவதால், 2020-இல் 'மார்ச்1' என்பதை 'மார்ச்எஃப்1' என்றே மாற்ற நேர்ந்தது. ஆகவே என்செம்பிள் என்ற மரபணுத் தரவுத்தளத்தின் அடையாள எண்களைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

அடுத்தது பின்னணித் தொகுப்பு, அதாவது உங்கள் பட்டியல் எதனோடு ஒப்பிடப்படுகிறதோ அந்த மரபணுக்களின் தொகுதி. பலரும் சறுக்குவது இங்கேதான். கல்லீரல் திசுவை ஆய்வுசெய்துவிட்டு மனித மரபணுக்கள் அனைத்தையும் பின்னணியாகக் கொண்டால், நோய்க்குத் தொடர்பே இல்லாமல், கல்லீரலில் இயல்பாகவே இயங்கும் வளர்சிதைமாற்றப் பாதைகள் முடிவின் உச்சியில் வந்து நிற்கும். எனவே, உங்கள் மாதிரிகளில் உண்மையில் அளவிடப்பட்ட மரபணுக்களை மட்டும் தனிப் பின்னணியாக ஏற்றுங்கள். இந்த ஒரு படிக்குச் செலவிடும் நேரம் வீணாகாது என்பது என் உறுதியான கருத்து.

ஆயிரக்கணக்கான பாதைகள் ஒரே வேளையில் சோதிக்கப்படுவதால், சில தற்செயலாகவே முன்வரக்கூடும்; அதைக் கணக்கில்கொண்டு திருத்தப்பட்ட பி-மதிப்பையே (இத்தகைய திரட்சி தற்செயலாக எழும் வாய்ப்பைக் காட்டும் எண்) பாருங்கள். பட்டியலில் முன்னிற்கும் ஐந்து பாதைகளும் ஒரே பத்து மரபணுக்களால் எழுந்தவையாக இருக்கக்கூடும். அப்போது அவை ஐந்து கண்டுபிடிப்புகள் அல்ல, ஒன்றுதான். உங்கள் ஆய்வுக் கட்டுரையில் தரவுத்தளப் பதிப்பையும், இயக்கிய நாளையும், பின்னணித் தொகுப்பையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.