ரிவர்டான்ஸ் பதிவை ரசித்துப் பார்ப்பது எப்படி?

அயர்லாந்தின் புகழ்பெற்ற நடன நிகழ்ச்சியான ரிவர்டான்ஸின் பதிவை முதன்முறை பார்க்கிறவர்களில் பலர், வரிசையாக நின்று ஆடுகிறவர்களின் வேகத்தைக் கண்டு மலைத்து, சிறிது நேரத்திலேயே எல்லா ஆட்டமும் ஒன்றுபோல இருப்பதாக எண்ணி அலுத்துவிடுகிறார்கள். எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொண்டால் அந்த அலுப்பு வராது.

முழு நிகழ்ச்சியில் தொடங்க வேண்டாம். டப்ளின் பாயின்ட் தியேட்டரில் 1994 ஏப்ரல் 30 அன்று நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் அரங்கேறிய, ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடும் பதிவை முதலில் பாருங்கள். பில் வீலன் இசையில் ஜீன் பட்லரும் மைக்கேல் ஃபிளாட்லியும் முன்னின்று ஆடிய அந்தப் பகுதியே அடுத்த ஆண்டு பிப்ரவரியில் முழுநீள மேடை நிகழ்ச்சியாக வளர்ந்தது.

ஒரு முறை திரையைப் பாராமல் ஒலியை மட்டும் கேட்பது நல்லது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பௌரான் மேளத்தின் அடித்தொனி காணாமல் போய்விடும் என்பதால் ஹெட்போன் அவசியம். ஐரிஷ் இசையின் தாள வகைகளைப் பிரித்தறிய நமக்குப் பழகிய சொற்கட்டுகளே இங்கு கைகொடுக்கும். தகிட தகிட என்று இரண்டிரண்டாக விழுந்தால் அது ஜிக். தகிட மூன்று முறை வந்து ஒரு சுற்று முடிந்தால் ஸ்லிப் ஜிக். தகதிமி என்று சீராக ஓடினால் ரீல். மரபான மெட்டில் ஒவ்வொரு பகுதியும் எட்டு தாளச் சுற்று நீளும். ஆடுகிறவர் வலக்காலில் தொடங்கி எட்டுச் சுற்றுக்கு ஓர் அடவை முடித்துவிட்டு, அதையே இடக்காலில் தொடங்கித் திரும்பச் செய்வார். இந்த இடமாற்றம் ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால், வெறும் வேகமாகத் தெரிந்தது ஒழுங்கான வாக்கியங்களாகப் பிரிந்து விளங்கத் தொடங்கும்.

அடுத்து காலணி. தட்டொலி எழுப்பும் கடினக் காலணியின் முனையிலும் குதிகாலிலும் ஃபைபர் கிளாஸ் பொருத்தியிருப்பார்கள். ஸ்லிப் ஜிக்கைப் பெண்கள் மென்மையான தோல் காலணியில்தான் ஆடுவார்கள். அங்கே ஒலியைத் தேடாமல், தாவலின் உயரத்தையும் கால்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடப்பதையும் பாருங்கள். பெரிய மேடைகளில் முன்பே பதிவு செய்த தட்டொலியையும் சேர்த்து ஒலிக்கவிடுவதுண்டு. ஆகவே ஐம்பது கால்கள் ஒரே நொடியில் விழுவதாகக் கேட்பதை அப்படியே நம்பிவிடாமல், கண்ணாலும் சரிபார்ப்பது நியாயம்.

கேமராவும் கொஞ்சம் ஏமாற்றும். உச்சகட்டத்தில் முகத்தின் நெருக்கக் காட்சிக்குத் தாவும் படத்தொகுப்பு இந்தக் கலைக்குப் பெரிய அநீதி என்றே சொல்வேன். தலை முதல் கால் வரை தெரியும் தூரக் காட்சிகள் மிகுந்த பதிவைத் தேர்ந்தெடுங்கள்.

இசைக்கலைஞர்கள் திரையில் வரும்போது பௌரான் வாசிப்பவரின் இரு கைகளையும் கவனியுங்கள்: ஒரு கை சிறு கட்டையால் ஆட்டுத்தோலை அடிக்க, மறு கை தோலின் பின்புறத்தை அழுத்தியும் தளர்த்தியும் தொனியை மாற்றிக்கொண்டே இருக்கும். இல்லன் பைப்ஸ் என்ற ஐரிஷ் பைக்குழலை வாசிப்பவர் வாயால் ஊதுவதில்லை. முழங்கையால் துருத்தியை இயக்கிப் பைக்குக் காற்றைச் செலுத்துவார்.

இவ்வளவும் பழகிய பிறகு, 1996இல் நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் பதிவான முழு நிகழ்ச்சிக்குச் செல்லலாம். அதில் ஃபிளாட்லியின் இடத்தில் காலின் டன் ஆடுகிறார். "ட்ரேடிங் டாப்ஸ்" பகுதியை இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். அமெரிக்க டாப் ஆட்டக்காரர்கள் இடுப்பை வளைத்து, கைகளை வீசி, தரையோடு உறவாடுவதுபோல் தட்டுவார்கள். ஐரிஷ் அணியோ கைகளைத் தொங்கவிட்டு விறைப்பாக நின்றபடி பதில் தட்டும். முதல் முறை கால்களை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை தோள்களைப் பாருங்கள்: இரு தரப்பும் எதிராளியின் உடல்மொழியைக் கிண்டலாக நடித்துக் காட்டுவது அப்போதுதான் பிடிபடும்.