முதல் ரோட் பைக் உங்களுக்கு அளவானதா? வாங்கும் முன் பார்க்கும் முறை

திருகோணமலையில் சைக்கிள் வாங்கப் போகும் பலர் கடையில் முதலில் செய்வது ஒன்றுதான். சீற்றில் ஏறி உட்கார்ந்து, கால் நிலத்தில் எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். சந்தைக்கும் வேலைக்கும் ஓட்டும் லுமாலா போன்ற சாதாரண சைக்கிளுக்கு அது போதும். வளைந்த ஹாண்டிலும் ஒடுங்கிய டயரும் உள்ள ரோட் பைக்கை அப்படிப் பார்த்து எடுத்தால், தேவைக்குச் சிறியது ஒன்றோடுதான் வீட்டுக்கு வருவீர்கள். ரோட் பைக்கில் சீற் சரியான உயரத்தில் இருந்தால் உட்கார்ந்தபடி கால் நுனிதான் நிலத்தில் படும். சிலருக்கு அதுவும் படாது. நிற்கும்போது சீற்றை விட்டு முன்னால் இறங்கித்தான் நிற்க வேண்டும்.

சீற்றை ஏற்றலாம், இறக்கலாம். பிரேமின் நீளத்தை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நான் முக்கியமாகக் கவனிக்கச் சொல்வது கை எட்டும் தூரத்தைத்தான்.

வீட்டில் எடுக்கும் அளவு

கடைக்குப் போகும் முன் உட்கால் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி, பாதங்களுக்கு இடையே ஒரு சாண் விட்டு நில்லுங்கள். கட்டி அட்டை போட்ட கொப்பி ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, எலும்பில் அழுந்தும் வரை மேலே இழுங்கள். கொப்பியின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கட்டும், அப்போதுதான் சாயாது. கொப்பியின் மேல் விளிம்பு நிற்கும் இடத்தில் வீட்டில் யாரையாவது பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். நிலத்திலிருந்து அந்தக் கோடு வரை எத்தனை சென்ரிமீற்றர் என்று பாருங்கள்.

78 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை 0.66 ஆல் பெருக்கினால் 51.5. எனவே 51 அல்லது 52 அளவுப் பிரேமில் இருந்து தேடத் தொடங்கலாம். அதே 78ஐ 0.883 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 68.9. கிராங்க் அச்சின் (பெடல் கைகள் சுழலும் அச்சு) நடுவிலிருந்து சீற்றின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் அது. இரண்டும் தொடக்கத்துக்கான கணக்குத்தான், உங்கள் உடம்பு கொஞ்சம் கூட்டிக் குறைக்கச் சொல்லும்.

பிரேமின் அளவு

புதிய சைக்கிளில் பெரும்பாலும் சீற் குழாயின் (சீற் கம்பி இறங்கும் பிரேம் குழாய்) அடிப்பக்கம் ஸ்டிக்கரில் எண் இருக்கும். ஜப்பானில் இருந்து வரும் பாவித்த சைக்கிள்களில் 500, 520 என்று மில்லிமீற்றரில் இருக்கலாம். ஸ்டிக்கர் உரிந்து போயிருந்தால், கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீற் குழாய் முடியும் இடம் வரை நாடாவால் அளந்து பாருங்கள். குறுக்குப் பார் நேர்மட்டமாக உள்ள பழைய பிரேமுக்கு இந்த அளவு நம்பத்தக்கது. பார் பின்பக்கம் சரிந்து வரும் புதிய பிரேமில் குழாய் குட்டையாக இருக்கும், எண் ஏமாற்றும். ஒரு கம்பனியின் 52 இன்னொன்றின் 54 போல இருப்பதும் உண்டு.

பாரின் மேல் காலை விரித்து நின்று பாருங்கள். நேர்மட்டப் பார் என்றால் உடம்புக்கும் பாருக்கும் இடையே 2.5 முதல் 5 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். முட்டினால் அந்தச் சைக்கிளை விட்டுவிடுங்கள். இடைவெளி தாராளமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அளவு சரி என்று முடிவெடுக்காதீர்கள்.

சீற்றை முதலில் சரிசெய்யுங்கள்

கடைக்காரரிடம் அலன் கீ கேளுங்கள். நீங்கள் கணக்கிட்ட உயரத்துக்குச் சீற்றை ஏற்றி, யாரையாவது சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி ஏறுங்கள். பெடல் ஆகக் கீழே வரும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடியும், அதுவே சரியான உயரம். மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் சீற் கூடிப்போனது. சீற் தாழ்ந்திருந்தால் நாலைந்து கிலோமீற்றரிலேயே முழங்காலின் முன்பக்கம் நோகத் தொடங்கலாம்.

இந்த உயரத்துக்கு ஏற்றும்போது சீற் கம்பியில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரிகிறதா? தெரிந்தால் பிரேம் உங்களுக்குச் சிறியது. அந்தக் கோட்டைத் தாண்டி ஓட்டினால் கம்பி வளையலாம், பிரேம் வெடிக்கலாம்.

கை எட்டும் தூரம்

முழங்கையைச் சீற்றின் நுனியில் வைத்து, விரல் ஹாண்டிலில் முட்டுகிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. முன்கையின் நீளத்தை வைத்து உங்கள் உடல் நீளத்தைச் சொல்ல முடியாது. அதை நம்பாதீர்கள்.

பிரேக் பிடியின் மேலுள்ள ரப்பர் மூடிகளில் கையை வைத்து, முன்னால் பார்த்து உட்காருங்கள். முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும், தோள் காதுவரை ஏறக்கூடாது. இப்போது இரு கைகளையும் மூடிக்கு மேலே ஓர் அங்குலம் தூக்குங்கள். கொஞ்ச நேரம் அப்படியே இருக்க முடிந்தால் தூரம் சரி. உடனே முன்னால் சரிந்தால் அல்லது சீற்றின் நுனிக்கு நழுவிக்கொண்டே போனால் பிரேம் நீளம். முதுகு கூனி, முழங்கால் கைக்குக் கிட்ட வந்தால் குட்டை.

இணையத்தில் பார்த்து வாங்குபவர்கள் ‘ரீச்’ என்ற எண்ணைத் தேட வேண்டும். கிராங்க் அச்சின் நடுவிலிருந்து பிரேமின் தலைக்குழாயின் (ஹாண்டிலுக்குக் கீழே உள்ள முன்குழாய்) மேல் நடுப்புள்ளி வரை உள்ள கிடைத்தூரம் அது. 52 அளவுப் பிரேம்களில் பெரும்பாலும் 370 முதல் 390 மில்லிமீற்றருக்குள் இருக்கும். அட்டவணை இல்லாத சைக்கிளிலும் நீங்களே எடுக்கலாம். பின்சக்கரம் சுவரில் முட்ட, சைக்கிளை நேராக நிறுத்துங்கள். சுவரிலிருந்து தலைக்குழாயின் மேல் நடு வரையும், சுவரிலிருந்து கிராங்க் அச்சு வரையும் நாடாவைக் கிடையாகப் பிடித்து அளந்து, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். உங்களுக்குப் பொருந்திய நண்பரின் சைக்கிளில் இதை எடுத்து வைத்திருந்தால், எந்தக் கடையிலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஓட்டிப் பாருங்கள்

கடை வாசலில் ஒரு சுற்று போதாது. உள்துறைமுக வீதி மட்டமானது, காலையில் அங்கே அரைமணி நேரம் ஓட்டுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் காலம் என்றால் சீனக்குடா வழியாகக் கிண்ணியாப் பக்கம் போய்ப் பாருங்கள், காற்று முகத்தில் அடிக்கும். வளைந்த ஹாண்டிலின் கீழ்ப்பிடியைப் பிடித்துக் குனிய வேண்டிவரும். அந்த நிலையில் பிரேக்கை விரலால் எட்டி இழுக்க முடிகிறதா என்பது முக்கியம். நம் ஊரில் மாடும் மானும் சொல்லாமல் குறுக்கே வரும். விரல் எட்டாவிட்டால் பல பிரேக் பிடிகளில் கிட்டக் கொண்டுவர ஒரு சிறு திருகாணி இருக்கும், திருகித் தரச் சொல்லுங்கள். மெதுவாகத் திரும்பும்போது காலின் பெருவிரல் முன்சக்கரத்தில் உரசுகிறதா என்றும் பாருங்கள், சிறிய பிரேம்களில் அது சகஜம்.

அரைமணிக்குப் பிறகு உள்ளங்கை விறைத்தாலோ கழுத்து நொந்தாலோ தூரம் கொஞ்சம் கூடியிருக்கலாம். சீற் முன்பக்கம் சரிந்திருந்தாலும் கை விறைக்கும், அதையும் பாருங்கள். 10 முதல் 20 மில்லிமீற்றர் வித்தியாசத்தை ஸ்டெம் (ஹாண்டிலைப் பிரேமோடு இணைக்கும் துண்டு) மாற்றித் தீர்க்கலாம், பெரிய செலவில்லை. அதற்கு மேல் தேவைப்பட்டால் வேறு பிரேம் பாருங்கள். விலை குறைத்துத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். இரண்டு அளவுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் பொதுவாகச் சிறியதை எடுங்கள்: ஸ்டெம்மை நீட்டலாம், சீற்றை ஏற்றலாம். முதுகு வளையாதவர்களுக்கு மட்டும் பெரியது வசதி, அதில் ஹாண்டில் கொஞ்சம் உயரமாக இருக்கும்.

வாங்கிய பின் சீற் கம்பியில் அந்த உயரத்துக்கு நேரே ஒரு துண்டு டேப் ஒட்டிவையுங்கள். வீட்டில் தம்பி தங்கை ஓட்டிவிட்டு இறக்கி வைத்தாலும் மறுபடி அளக்கத் தேவையில்லை.