பினாங்கில் இருந்தபடியே ஒரு லீசியக் கல்லறை வாசகத்தை வாசிக்கும் முறை

ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், ஓரளவு பெரிய திரை. இரண்டு வார இறுதிகள் ஒதுக்கினால் 2,300 ஆண்டுகளுக்கு முன் பாறையில் வெட்டிய ஒரு குடும்பத்தின் வாசகத்தை நீங்களே எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம். லீசிய மொழியில் மிஞ்சிய கல்வெட்டுகள் 150-க்குச் சற்று மேல். அவற்றில் பெரும்பகுதி கல்லறை வாசகம், அதுவும் ஒரே வாய்பாட்டில் எழுதியது. ஒன்றை ஒழுங்காகப் படித்தால் பத்து தானாகத் திறக்கும்.

லீசியா இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கரை. ஃபெத்தியேவுக்கும் அந்தாலியாவுக்கும் இடையில் கடலுக்குள் புடைத்து நிற்கும் மலைநாடு. பைபிள் படித்தவர்களுக்குப் பவுல் கப்பல் மாறிய மீறா பட்டணம் நினைவிருக்கும்; அது லீசியாவில்தான் இருந்தது. ஆனால் பவுல் வந்த காலத்தில் அங்கே கல்லில் ஏறியது கிரேக்கம். லீசிய எழுத்தில் நமக்குக் கிடைப்பவை ஏறக்குறைய கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

தொடங்கும் முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அம்மக்கள் தங்களை 'த்ர்ம்மிலி' என்று சொல்லிக்கொண்டார்கள். தமிழரைக் குறிக்கும் பழைய பெயர்களில் ஒன்றான 'திரமிள' என்ற சொல்லோடு இதை ஒட்டவைத்து, அவர்கள் தமிழரின் மூதாதையர் என்று சொல்பவர்கள் உண்டு. பெயரின் ஒலி ஒத்திருப்பது சான்று ஆகாது, இலக்கணத்தைப் பாருங்கள். லீசியம் இந்தோ-ஐரோப்பிய மொழி, அதில் அனத்தோலியக் கிளை, லூவிய மொழிக்கு நெருங்கிய உறவு. குதிரைக்கு அவர்கள் சொல் 'எஸ்பெ'. சமஸ்கிருத அசுவத்தோடுதான் அது சேரும். தமிழ் உறவு வேண்டும் என்று தேடிப் படித்தால் ஒவ்வொரு வரியிலும் வழுக்கும்.

பயிற்சிக்கு எடுக்க வேண்டியது கலிங்கா என்ற அறிஞர் 1901-இல் வெளியிட்ட லீசியக் கல்வெட்டுத் தொகுப்பில் 56-ஆம் எண். இன்றைய காஷ் ஊரில், பழைய அந்திஃபெல்லோசில் உள்ள பாறைக் கல்லறை. கீழே கிரேக்கமும் இருப்பதால் விடையைச் சரிபார்க்கலாம். தொகுப்பின் கோட்டு வரைபடத்தையும் கல்லறையின் புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வரைபடத்தை மட்டும் நம்பினால் வரைந்தவரின் கண் வழியாகத்தான் படிப்பீர்கள்.

புகைப்படத்தில் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று முதலில் பாருங்கள். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் படுக்கைக் கோடுகள் பளிச்சென்று தெரியும், செங்குத்துக் கோடுகள் மறைந்துபோகும். கூட்டல் குறி வெறும் கழித்தல் குறியாகத் தெரியும். இதை நேரில் பழக புக்கிட் மெர்தாஜாமில் செயிண்ட் ஆன் தேவாலய வளாகத்திலுள்ள செரோக் தோக்குன் பாறைக்குப் போகலாம். லீசியம் அல்ல, பல்லவ எழுத்து. ஆனால் தேய்ந்த கல் எங்கும் ஒரே மாதிரித்தான் ஏமாற்றும். காலை 9 மணிக்கு ஒரு படம், நண்பகலில் ஒரு படம், மாலை 5 மணிக்கு ஒரு படம் எடுத்து ஒப்பிட்டாலே பாடம் பதியும். சுண்ணக்கட்டி தேய்க்காதீர்கள், கையால் தடவாதீர்கள்.

இனி எழுத்து. மொத்தம் 29. இடமிருந்து வலம் ஓடும். கிரேக்க எழுத்திலிருந்து வளர்ந்தது என்பதால் பாதி எழுத்துகள் தெரிந்த முகங்கள். தப்பு நடப்பதும் அங்கேதான். ஆங்கில 'ஈ' எழுத்தின் உருவம் இங்கே இகரம். ஆங்கில 'ஐ' உருவம் யகரம். 'ஓ' உருவம் உகரம். 'எஃப்' உருவம் வகரம். 'பி' (P) உருவம் ரகரம். கூட்டல் குறி ஹகரம். 'எக்ஸ்' உருவமோ உயிரில்லாமலே அசையாக நிற்கும் மகர ஒற்று. இந்த ஏழையும் ஒரு அட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மற்றவை தானாக வரும்.

அடுத்து, நோட்டில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக வரைபடத்தைப் பார்த்து நகலெடுங்கள். சொற்களுக்கு நடுவே மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள் இருக்கும். அவற்றுக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். சிதைந்த இடத்தை ஊகித்து நிரப்பாமல் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். கைப்பேசியில் தட்டச்சு செய்ய விரும்பினால் 2008 முதல் யூனிகோடில் லீசியத்துக்கு இடம் உண்டு; வெறும் பெட்டிகளாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் லிசியன் எழுத்துருவை ஏற்றுங்கள்.

ஒலிக்கு வரும்போது தமிழ்க் காது நன்றாக உதவும். லீசியத்தில் மெல்லினத்தை அடுத்த வல்லினம் நம் 'பந்து', 'தங்கம்' போலவே குழைந்து ஒலித்தது. அதனால்தான் பாரசீக மன்னன் தாரியஸ் பெயரை 'ந்தரியெஉஸ்' என்று எழுதினார்கள். முன்னால் ந் வைத்தால்தான் அந்த மென்மையான த ஒலி கிடைத்தது. கல்லறைகளைப் பார்த்துக்கொண்ட அமைப்பை அவர்கள் 'மிந்தி' என்று எழுதினார்கள். எழுத்தில் இருப்பது வல்லினத் தகரம், கிரேக்கர் காதில் விழுந்து எழுதியதோ மெல்லிய தகரத்தோடு 'மிந்திஸ்'. வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் மாணவர்களுக்கு விதியாகச் சொல்லித்தர வேண்டிய இது நம் வாயில் பழக்கமாகவே இருக்கிறது.

இப்போது 56-ஆம் எண்ணின் முதல் பகுதி, தமிழ் எழுத்தில் இயன்ற அளவு:

எபென்னெ ப்ர்ன்னவு மெதி ப்ர்ன்னவதெ இஃக்த்த ஹ்லஹ் திதெய்மி ஹ்ர்ப்பி லதி எஹ்பி ஸெ திதெய்மெ

'எபென்னெ' இந்த. 'ப்ர்ன்னவு' கட்டடத்தை, 'ப்ர்ன்னவதெ' கட்டினான். பெயரும் வினையும் ஒரே வேர், நம் 'கட்டடத்தைக் கட்டினான்' போலவே, செயப்படுபொருளும் முன்னாலேயே வருகிறது. இடையில் உள்ள 'மெதி' வாக்கியத்தைத் தாங்கும் சின்னச் சொற்களின் ஒட்டு. தனிச் சொல் என்று நினைத்து அகராதியில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 'ஹ்ர்ப்பி' என்றால் 'க்காக', 'லதி' மனைவிக்கு, 'எஹ்பி' தன், 'ஸெ' மற்றும்.

நடுவிலுள்ள 'இஃக்த்த ஹ்லஹ் திதெய்மி' நமக்கு மிகப் பழக்கமானது. இஃக்த்த, ஹ்லவின் மகன். கடைசி ஹகர ஒற்று நம் 'இன்' உருபு. நம் மலேசிய அடையாள அட்டையான மைகாட்டில் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே நிற்கும் 'அனாக் லெலாக்கி' (மகன்) செய்யும் வேலைதான் இது. லீசியர்கள் தாய் பெயரைச் சொல்லியே தங்களை அடையாளம் காட்டினார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். கல்லறைகளோ திரும்பத் திரும்பத் தகப்பன் பெயரையே தருகின்றன. கல்லைத்தான் நம்ப வேண்டும்.

இங்கே ஒரு எழுத்துப் பிசகு பொருளையே மாற்றும். 'திதெய்மி' மகன், 'திதெய்மெ' பிள்ளைகளுக்கு. வேறுபாடு கடைசி உயிரில் மட்டும். ஆங்கிலப் பழக்கத்தில் 'ஈ' உருவத்தை எகரமாக வாசித்தால் கட்டியவனே பிள்ளைகளுக்குள் கரைந்துபோவான்.

இரண்டாம் பகுதி சாபம்:

ஸெ இயெ தி எதி திகெ மெதெ மெ நெ கஸ்த்து எனி க்லஹி எபியெஹி ஸெ வெத்ரி வெஹ்ந்தெஸி

யாராவது இதற்குக் கேடு செய்தால் இவ்வளாகத்தின் தாய் அவனை அடிக்கட்டும், வெஹ்ந்த நகரமும் அடிக்கட்டும். 'கஸ்த்து' என்பதன் ஈற்றிலுள்ள 'து', 'ததாஸ்து' சொல்லும்போது நம் நாவில் வரும் அதே ஏவல் ஈறு. பலர் தடுக்கி விழுவது 'நெ' என்ற இடத்தில். வேறிடங்களில் 'நெ' என்றால் இல்லை. இங்கே 'அவனை'. இல்லை என்று வைத்தால் 'தாய் அடிக்காதிருக்கட்டும்' என்று சாபம் வாழ்த்தாகிவிடும்.

இப்போதுதான் கிரேக்கத்தைத் திறக்க வேண்டும், முன்பே அல்ல. அது சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு இல்லை. லீசியத்தில் மனைவியும் பிள்ளைகளும் மட்டும். கிரேக்கத்தில் 'தனக்கும்' சேர்கிறது. 'வளாகத்தின் தாய்' கிரேக்கத்தில் லேத்தோ தெய்வமாகிறாள். லிட்டில் இந்தியாவில் ஒரே கடையின் மலாய்ப் பலகையும் தமிழ்ப் பலகையும் ஒன்றுக்கொன்று கூட்டியும் குறைத்தும் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இரண்டும் முரண்படும் இடத்தில் உங்கள் வாசிப்பை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். எழுத்து தெளிவாக இருந்தால் அப்படியே வைத்துக்கொண்டு ஓரத்தில் குறியுங்கள்.

இது கைவந்த பிறகு இதே வாய்பாட்டிலுள்ள சிறு கல்லறைகள் ஐந்தாறு படியுங்கள். சிலவற்றில் 'ப்ர்ன்னவு' இடத்தில் 'குப்ப' என்ற கல்லறைச் சொல் நிற்கும். அதன் பின் 1973-இல் லெத்தோன் என்ற லீசியக் கோயில் வளாகத்தில் கிடைத்த மும்மொழிக் கல்: லீசியம், கிரேக்கம், அரமேயம். லீசிய நகரான சாந்தோஸில் உள்ள கல்வெட்டுத் தூணை மட்டும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். அதன் ஒரு பகுதி மிலியம் என்று அழைக்கப்படும் இன்னொரு நெருங்கிய மொழியில் இருக்கிறது. எழுத்து அதேதான், அதனால் வாசிக்க வரும், பொருள் வராது. எங்கே பிழை செய்தோம் என்று நாள்கணக்கில் தேடுவீர்கள், பிழை உங்களிடம் இருக்காது.