எலும்புக் கட்டி எதிர்பாராத இடத்தில் வந்தால்: நான் சறுக்கிய இடங்கள்

புதிதாகச் சேரும் பயிற்சி டாக்டர்கள் ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு அடித்துப் பேசுவதைக் கேட்டால், ஒரு காலத்தில் நான் பேசியதே திரும்பக் கேட்கிறது. வலது இடது மாற்றி எழுதுகிற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சே என்று சும்மா இருப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. கணுக்கால் வலியோடு ஒரு பையன், 19 வயது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. எம்.ஆர்.ஐ.யில் தாலஸ் (கணுக்கால் மூட்டின் எலும்பு) முழுக்க நீர்க்கோப்பு, மூட்டுச் சவ்வும் வீங்கியிருந்தது. மூட்டுவாதம் என்று முடிவுகட்டி, பிசியோதெரபி, ஸ்டீராய்டு ஊசி என்று எட்டு மாதம் ஓட்டினேன். ஒருநாள் அவன் அம்மா போகிற போக்கில், "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்துக்கிறான் டாக்டர், வலி மாத்திரை போட்டாத்தான் தூங்குறான்" என்றார். முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கான பதில் அது. 1 மி.மீ. இடைவெளியில் சிடி எடுத்தோம். தாலஸின் கழுத்தில் 6 மி.மீ. கருவட்டம், நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா, அதாவது புற்றுநோய் அல்லாத ஒரு சின்ன எலும்புக் கட்டி.

இந்தக் கட்டி தொடை எலும்பின் தண்டில் வந்தால் சுற்றிலும் எலும்பு தடித்து, எக்ஸ்ரேயிலேயே காட்டிக்கொடுத்துவிடும். மூட்டுக்குள் வந்தால் அந்தத் தடிப்பு பெரும்பாலும் இருக்காது. அந்தக் கட்டி சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம்தான் வலிக்கும் நீர்க்கோப்புக்கும் காரணம் (வலி மாத்திரைக்கு அடங்குவதும் அதனால்தான்), எம்.ஆர்.ஐ. இந்தக் கலாட்டாவைப் பெரிதாகக் காட்டி, கட்டியை அதற்குள் அமுக்கிவிடும். வளரும் பிள்ளைக்கு முதுகு வலித்துக்கொண்டே வளைந்தாலும் இதே சந்தேகம் வரட்டும். கட்டி பெரும்பாலும் வளைவின் உட்பக்கம், முள்ளெலும்பின் பின்பகுதியில் இருக்கும். ரேடியோ அலைவரிசை ஊசியால் பொசுக்கினால் பெரும்பாலோருக்கு வலி போய்விடுகிறது. ஆனால் ஊசிமுனை 90 டிகிரி வரை சூடேறும், பக்கத்தில் நரம்போ குருத்தெலும்போ இருக்கிறதா என்று அளந்துவிட்டுப் போங்கள்.

'ராட்சத செல்' கட்டி (பெரிய பெரிய செல்கள் நிறைந்த எலும்புக் கட்டி) என்று ரிப்போர்ட் வந்ததும் கத்தியைத் தூக்குவது

முதலில் ரத்தத்தில் கால்சியமும், பாராதைராய்டு (கழுத்தில் இருக்கும் சின்னச் சுரப்பி) ஹார்மோனும் பாருங்கள். தாடையிலோ விலாவிலோ இருந்தால் கட்டாயம். பாராதைராய்டு கோளாறில் வரும் பழுப்புக் கட்டி மைக்ராஸ்கோப்பில் அச்சு அசலாக ராட்சத செல் கட்டி மாதிரியேதான் இருக்கும், சுரப்பியைச் சரிசெய்தாலே பல சமயம் ஆறிவிடும்.

எக்ஸ்ரே இல்லாமல் ஸ்லைடு (மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கட்டித் துணுக்கு) அனுப்புவது

விரல் எலும்பின் சாதாரணக் குருத்தெலும்புக் கட்டி, ஸ்லைடில் மட்டும் பார்த்தால் புற்றுநோய் மாதிரியே மிரட்டும். இடுப்பெலும்பில் அதே தோற்றம் என்றால் கதையே வேறு, புற்றுநோயாகவே இருக்கலாம்.

பயாப்ஸி (கட்டியில் துணுக்கு எடுத்துச் சோதிப்பது)

அறுவை செய்யப்போகிறவரைக் கேட்காமல் ஊசி குத்தாதீர்கள். கைகாலில் குறுக்கு வெட்டு, வேண்டவே வேண்டாம்.