பழைய சீன எனாமல் சிமிழை வாங்குமுன் எப்படிச் சோதிப்பது?

எனாமல் வண்ணம் தீட்டிய பழைய சீனப் பீங்கான் சிமிழ் ஒன்று விற்பனைக்கு வந்தால், சேகரிப்பாளர்களில் பலர் முதலில் அதைக் கவிழ்த்து அடியில் உள்ள எழுத்துகளைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கிண்ணத்தைப் போலவோ குடுவையைப் போலவோ சிமிழ் ஒற்றை உருப்படி அன்று. மூடியும் அடிப்பகுதியும் சேர்ந்த இணை. அவை இரண்டும் ஒன்றையொன்று தொடும் விளிம்பு சொல்லும் செய்தியை எந்த முத்திரை எழுத்தும் சொல்வதில்லை. ஆகவே விளிம்பில் தொடங்கி, எழுத்தைக் கடைசியில் படியுங்கள்.

இத்தகைய சிமிழ்களில் பெரும்பாலானவை ஜியாங்ஷி மாகாணத்தின் ஜிங்டேஜென் நகரில் உருவானவை. வெண்களிமண்ணும் பீங்கான் கல்லும் கலந்து வனைந்த உடல், ஏறத்தாழ 1,300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மெருகுடன், அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சுடன், சுடப்படும். அதன் பிறகே கண்ணாடித்தன்மையுள்ள எனாமல் வண்ணங்களைத் தீட்டி, 700 முதல் 800 பாகை வரையிலான மிதமான சூட்டில் மீண்டும் சுடுவார்கள். வண்ணம் மெருகின் மேல் அமர்ந்திருப்பதால் விரல்நுனிக்கு அது மெல்லிய மேடாகத் தட்டுப்படும், புழக்கத்தில் தேயும். அதே காரணத்தால், வெறுமையாக இருந்த பழைய வெள்ளைச் சிமிழின் மேல் பிற்காலத்தில் வண்ணம் ஏற்றிவிடவும் முடியும்.

மேசைமீது தடித்த துணியை விரித்து, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு அமருங்கள். மூடியைப் பிடித்து முழுச் சிமிழையும் தூக்கக் கூடாது. மூடியைத் தனியே எடுத்து, அடிப்பகுதியின் அருகில் மல்லாத்தி வைத்து, இரண்டின் உட்புற வெண்மையையும் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று நீலச் சாயல் படிந்த வெண்மையாகவும் மற்றொன்று பால் வெண்மையாகவும் இருந்தால், வெவ்வேறு சிமிழ்களின் பாகங்களைப் பிற்காலத்தில் யாரோ சேர்த்திருக்கக்கூடும். இரு விளிம்புகளும் சந்திக்கும் இடத்தில் பெரும்பாலும் மெருகு இருக்காது, ஏனெனில் மெருகு பூசி ஒன்றாகச் சுட்டால் சூளையிலேயே அவை ஒட்டிக்கொள்ளும். அந்த வெற்று விளிம்பு முழுவதையும் விரல்நுனியால் தடவுங்கள். ஓரிடத்தில் மட்டும் வழுவழுப்பாகவோ சற்றுத் தாழ்ந்தோ இருந்தால், உடைந்த சில்லை மறைக்க அங்கே தேய்த்திருக்கிறார்கள் என்று ஐயுறலாம். பிறகு மூடியை மூடி மெதுவாகத் திருப்புங்கள். பக்கவாட்டில் இறங்கும் கொடியும் இதழும் ஒரு நிலையில் பிசகாமல் தொடர வேண்டும். கையால் வனைந்த பொருளில் மூடி மிக நன்றாகப் படிவதும் பெரும்பாலும் அந்த நிலையில்தான்.

ஒருமுறை என் கைக்கு வந்த முத்திரைமைச் சிமிழின் வெற்று விளிம்பில், மண்ணின் நுண்துளைகளுக்குள் செந்நிறம் ஊறியிருந்தது. முத்திரை பதிக்கப் பயன்படும் சாதிலிங்கப் பசையின் கறை அது. மூடியின் விளிம்பிலும் அடியின் விளிம்பிலும் கறை ஒன்றுக்கொன்று நேராக இருந்ததால், அந்த இணை நெடுங்காலம் சேர்ந்தே வாழ்ந்தது என்று உறுதியாக நம்ப முடிந்தது. இப்படிப்பட்ட கறையைக் கண்டால் தயவுசெய்து கழுவிவிடாதீர்கள்.

அடுத்துப் பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான புழக்கத்தில் விழுந்த கீறல்கள் ஆழத்திலும் திசையிலும் ஒழுங்கின்றி இருக்கும். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் உப்புத்தாளின் வேலையாக இருக்கலாம். முக்கியமாக, ஒரு கீறல் வண்ணத்தின் ஓரத்தை எட்டும்போது என்ன ஆகிறது என்று கவனியுங்கள். வண்ணத்தின் மேலும் அது தொடர்ந்தால் இயல்பு. வண்ணத்துக்கு அடியில் நுழைந்து மறுபுறம் வெளிவந்தால், உடல் பழையதாக இருந்தாலும் ஓவியம் பின்னால் வந்தது. அத்தகைய மறுசூட்டில் மெருகின் மீது கரும்புள்ளிகள் தோன்றுவதும் உண்டு.

வண்ணங்களே காலத்தையும் சொல்லும். பேரரசர் காங்ஷி காலத்து (1662–1722) பச்சை மேலோங்கிய சிமிழ்களில், மெருகின் மேல் தீட்டிய நீலத்தைச் சுற்றிச் சிப்பியின் உட்புறம் போன்ற வானவில் மினுக்கம் சாய்ந்த ஒளியில் அடிக்கடி தெரியும். சீனர் ஃபென்ட்சாய் என்றும் ஐரோப்பியர் ஃபாமீய் ரோஸ் என்றும் அழைக்கும் இளஞ்சிவப்பு வகை 1720-களில்தான் பரவலாயிற்று. அந்த இளஞ்சிவப்பு நுண்ணிய தங்கத் துகளிலிருந்தும், அதோடு கலக்கும், ஈயமும் ஆர்செனிக்கும் சேர்ந்த ஒளிபுகா வெள்ளைக் கலவையிலிருந்தும் பிறப்பது. செம்பருத்தி இதழில் அடர்த்தி படிப்படியாகக் குறைவதுபோல் நிறத்தை இழைய விட இந்த வெள்ளைதான் வழி செய்தது. அடுத்து வந்த பேரரசர் யோங்செங் காலத்து (1723–1735) மலர்களை அருகில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

இப்போது அடியைத் திருப்பலாம். ஆறு எழுத்துகள் இருந்தால் வலப்பக்க வரிசையை மேலிருந்து கீழாகவும், பிறகு இடப்பக்க வரிசையையும் படிக்க வேண்டும்: அரசமரபின் பெயர், பேரரசரின் ஆட்சிப் பெயர், அக்காலத்தில் செய்யப்பட்டது என்னும் குறிப்பு. ஆனால் முன்னோர் காலத்துக்கு மரியாதையாகப் பழைய ஆட்சிக்குறியை எழுதுவது சீனாவில் இயல்பான வழக்கம். 1677-இல் ஜிங்டேஜென் குயவர்கள் நடப்புப் பேரரசரின் பெயரை எழுதக் கூடாது என்று தடை வந்தபோது, செங்ஹுவா (1465–1487) போன்ற, முந்தைய மிங் அரசமரபின் ஆட்சிப் பெயர்கள் காங்ஷி காலப் பொருள்களில் பெருகின. தங்கத்தில் பிறந்த இளஞ்சிவப்புடன் செங்ஹுவா குறி இருந்தால், குறியை விட்டுவிட்டு நிறத்தை நம்புங்கள். ஆங்கிலத்தில் ‘சைனா’ என்ற சொல் இருந்தால், நாட்டின் பெயரைக் குறிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1891-க்குப் பிற்பட்ட ஏற்றுமதிப் பொருளாக அது பெரும்பாலும் இருக்கும். அச்சொல் இல்லாமை பழமைக்குச் சான்று ஆகாது.

இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால், பிசினால் செய்த பழுதுபார்ப்பு பல வேளைகளில் வேறு நிறத்தில் ஒளிரும். முன்னாள் உரிமையாளர்களின் ரசீது, ஏலப் பட்டியல், பழைய புகைப்படம் ஆகியவற்றை எழுத்துவடிவில் கேளுங்கள். 1911-க்கு முற்பட்ட பீங்கானைச் சீனாவிலிருந்து வெளியே கொண்டுசெல்ல அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே சிமிழ் அங்கிருந்து எப்போது வெளியேறியது என்ற கேள்விக்கு விற்பவர் தெளிவான விடை தர வேண்டும்.

வாங்கிய பின் அதில் உணவுப் பொருளை வைக்காதீர்கள். எனாமலில் ஈயம் உண்டு, புளிப்பு பட்டால் வண்ணமும் மங்கும். பொன்பூச்சைத் துடைக்காமல், மென்தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். கொண்டுசெல்லும்போது மூடியையும் அடியையும் தனித்தனியே பொதிந்து, வெற்று விளிம்புகள் ஒன்றோடொன்று உரசாதபடி பெட்டியில் வையுங்கள்.